குகை காத்தது, கடல் மறைத்தது

மன்னார்க் கரையிலுள்ள கொண்டச்சிக் குடாவைச் சுற்றி மணலும் பற்றைக்காடும் கொண்ட சமவெளிதான், மலைக்குகைகள் இல்லை. இலங்கையின் ஆதிமனிதர் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி தென்மேற்கு மழைக்காட்டுக் குகைகள் தந்தது. அப்படியானால் அந்நாளில் மன்னார்க் கரையில் ஆளே இல்லையா? அதற்கான பதிலிலும் ஒரு பகுதி அந்தக் குகைகளில்தான் இருக்கிறது.

களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கல குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கினர். குரங்கையும் மர அணிலையும் வேட்டையாடித் தின்று எலும்புகளை அங்கேயே போட்டார்கள். திறந்த வெளியில் வெப்பமண்டல மழையும் அமில மண்ணும் எலும்பைக் கரைத்துவிடும். பாறைக்கூரையின் கீழ் சாம்பலும் கரியும் எலும்பும் அடுக்கடுக்காகத் தங்கின. கரியின் கதிரியக்கக் கார்பனை அளந்து ஒவ்வொரு அடுக்குக்கும் வயது கணிக்கிறார்கள். அங்கே கிடைத்த எலும்பு முனைகளில் வில்லம்புப் பயன்பாட்டின் தடயங்கள் இருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு சொன்னது.

அந்தக் காட்டுக் குகைகளில் கடற்சிப்பி மணிகளும் கிடைத்துள்ளன. குகைவாசிகளே கடலுக்குப் போய்ப் பொறுக்கினார்களா? 2015இல் வெளியான பல் ஆய்வு இதற்குத் துப்புக் கொடுத்தது. சிறுவயதில் பல் உருவாகும்போது உணவின் வேதித்தடம் எனாமலில் பதிந்துவிடும். இலங்கைக் குகைவாசிகளின் பற்களில், 20,000 ஆண்டுப் பழைய பற்கள் உட்பட, பெரும்பாலும் காட்டுணவின் தடமே தெரிந்தது. ஆகவே, சிப்பிகள் கைமாறி வந்திருக்கலாம். அப்படியென்றால் கரையிலும் மக்கள் வாழ்ந்திருக்க வேண்டும்.

அவர்களின் தங்குமிடங்கள் ஏன் கண்ணில் படவில்லை? 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். கொண்டச்சிக்கு எதிரே, சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலத்தில் முத்துக்குளிப்போர் மூழ்கிய சிப்பிப் பார்கள் பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில் உள்ளன. அந்த இடமெல்லாம் அன்று தரை. அக்காலக் கரை இன்னும் அப்பால் இருந்தது. பனியுகம் முடிந்து நீர் ஏறியதில் எல்லாம் மூழ்கிவிட்டன.

நீர் எட்டாத இடத்தில் சான்று எஞ்சியிருக்கிறது. வடக்கே மாந்தைத் துறைமுக மேட்டை 1980களில் அகழ்ந்தபோது, வணிக நகரின் அடித்தட்டில் நுண்கற்கருவிகள் வந்தன. குகைக்காரரோடு ஒப்பிட்டால் அவை மிகப் பிந்தியவை. ஆனால், துறைமுகத்துக்கு முன்பே இக்கரையில் வேட்டையாடிகள் இருந்ததை உறுதிசெய்கின்றன.

குகையில் எலும்பு மிஞ்சியது என்பதற்காக, ஆதிமனிதர் எல்லோரும் குகையில் வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. மன்னாரின் பழைய சரளைப் படிவுகளிலும் பார்களின் அடித்தரையிலும் தேடும்வரை, நம் கையில் இருப்பது பெரும்பாலும் காட்டுக்காரரின் வரலாறே.