வலிப்பு எதனால் வருகிறது? வயதுக்கு வயது மாறும் காரணங்கள்!

யாருக்காவது வலிப்பு வந்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க நாலு பேர் ஓடிவருவார்கள். ஆனால், 'எதனால் வந்தது?' என்று கேட்பவர்கள் குறைவு. சரியான சிகிச்சைக்கு அந்தக் கேள்வி முக்கியம். பிறந்த குழந்தைக்கும் 65 வயது தாத்தாவுக்கும் காரணம் ஒன்றல்ல.

மூளை செல்களின் மின்செயல்பாடு திடீரெனத் தாறுமாறாகும்போது வலிப்பு வருகிறது. ஒருமுறை வந்தாலே அது வலிப்புநோய் ஆகிவிடாது. வெளிப்படையான காரணமின்றித் திரும்பத் திரும்ப வருவதே வலிப்புநோய். உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பச்சிளம் குழந்தைகள்

பிரசவத்தின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, ரத்தத்தில் சர்க்கரை அல்லது கால்சியம் குறைவது, கிருமித்தொற்று, மூளை வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

6 மாதம் முதல் 5 வயது வரை

இந்த வயதில் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வலிப்புநோயாக மாறுவதில்லை. ஆனாலும், மூளைக்காய்ச்சல் இல்லை என்பதை மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும்.

பள்ளி, டீன் ஏஜ் பருவம்

மரபணுக் காரணங்கள் இப்போது அதிகம் தெரியவரும். வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது, காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து டம்ளர் நழுவுவது போன்றவை அடிக்கடி நடந்தால், 'கவனமில்லை' என்று திட்டாதீர்கள். அது வலிப்பாகவும் இருக்கலாம். தூக்கம் கெட்டால் இது அதிகமாகும்.

20 முதல் 60 வயது வரை

விபத்தில் தலைக்காயம், மூளைக்கட்டி, குடியை திடீரென நிறுத்துவது ஆகியவற்றால் வலிப்பு வரலாம். பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையைப் பாதிப்பதும் நம் நாட்டில் முக்கியக் காரணம். சரியாகக் கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர் வழியாகவும் இது பரவுவதால், சைவம் சாப்பிடுபவர்களும் தப்ப முடியாது.

60 வயதுக்கு மேல்

பக்கவாதம்தான் முதல் சந்தேகம். அல்சைமர் போன்ற மறதிநோய்களும் காரணமாகலாம். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சுமார் பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. அதற்காகக் கவலை வேண்டாம். சரியான சிகிச்சை கிடைத்தால், 70 சதவிகிதம் பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும். ஆனால், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

வலிப்பு வந்தால்...

சாவி, இரும்பு வேண்டாம். வாயில் எதையும் வைக்காதீர்கள். அழுத்திப் பிடிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், 108-ஐ அழையுங்கள். முடிந்தால் மொபைலில் வீடியோ எடுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.