கோபம் வந்தால் சுடாத துப்பாக்கி

விளையாட்டில் தோற்றதும் ரிமோட்டை வீசி எறிகிற பையனுக்கு வீடியோ கேமே பொறுமையைக் கற்றுத் தருமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். 'சமூக-உணர்வுத் திறன்களை வளர்க்கும் கேம்' என்ற விளம்பரங்களைப் பார்த்து வந்த கேள்வி. அப்படி விற்கப்படுவதில் பலவும் வினாத்தாள்களே. அழுகிற முகத்தைக் காட்டி, 'இவருக்கு என்ன உணர்வு?' என்று கேட்டு, சரியான விடைக்கு நட்சத்திரம் கொடுப்பார்கள். அமைதியாக இருக்கும் குழந்தை அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். கோபத்தில் கொதிக்கும் குழந்தைக்கு அந்த மதிப்பெண்ணால் என்ன பயன்?

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான 'ரேஜ் கன்ட்ரோல்' வேறு ரகம். பழைய விண்கல ஆட்டம்தான்: மேலிருந்து எதிரிகள் இறங்க, கீழிருந்து சுட வேண்டும். ஆனால் விளையாடும் பிள்ளையின் நாடித்துடிப்பை ஒரு கருவி அளந்துகொண்டே இருக்கும். துடிப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் விண்கலம் சுடாது. பொத்தானை எவ்வளவு குத்தினாலும் சுடாது. எதிரிகளோ வந்துகொண்டே இருப்பார்கள். பதறினால் துடிப்பு இன்னும் ஏறும். அது இறங்கினால்தான் துப்பாக்கி திரும்பக் கிடைக்கும்.

எப்படி இறக்குவது? இதில்தான் உடலின் அழகான ஏற்பாடு ஒன்று வெளிப்படுகிறது. இதயத்தைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கையில் 70 என்று இருப்பது, வேகஸ் நரம்பு ஓயாமல் அதை இழுத்துப் பிடித்திருப்பதால். பதற்றத்தின் முதல் நொடிகளில் துடிப்பு எகிறுவது பெரும்பாலும் அந்தப் பிடி தளர்வதால்தான். மூச்சை இழுக்கும்போது பிடி கொஞ்சம் தளரும், விடும்போது இறுகும். மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், நாடி வேகமெடுப்பதும் தணிவதும் தெரியும். இதயத்தை விரட்டும் பரிவு நரம்புகளின் வேலை ஏறவும் இறங்கவும் பல நொடிகள் ஆகும். வேகஸ் ஓரிரு துடிப்புக்குள் காரியத்தை முடித்துவிடும். அதனால் நீளமாக மூச்சை வெளிவிடும் பிள்ளைக்குப் பலன் அப்போதே திரையில் தெரிகிறது. 'அமைதியாக இரு' என்ற அறிவுரையால் தர முடியாதது இந்த உடனடிப் பதில்.

பால் காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பழகியவர் பாத்திரத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். ஓரத்தில் சத்தம் மாறும்போதே கை அடுப்புத் திருகுக்குப் போய்விடும். பழகாதவருக்குப் பொங்கி வழிந்த பிறகுதான் தெரியும். குழந்தையை நாம் அதட்டுவது பொங்கும் நுரையில் தண்ணீர் தெளிப்பது. நுரை அடங்கும், அடியில் தீ அப்படியே எரியும். நீண்ட மூச்சு, திருகைத் திருப்புவது. இந்த கேம் ஒரு பால் குக்கர், வழிவதற்கு முன்பே விசிலடிக்கிறது. சரி, பால் குக்கரிலேயே பழகிய கையில் வெறும் பாத்திரத்தைக் கொடுத்தால்? விசில் இல்லாத பள்ளி மைதானத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இத்தகைய கேம்களை உருவாக்குபவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

இந்த உத்தி புதிதல்ல. உடலின் அளவுகளைக் கண்ணுக்குக் காட்டி அடக்கப் பழக்கும் பயோஃபீட்பேக் 1960-களிலேயே பரபரப்பாகப் பேசப்பட்டது. எலிகளே இதயத்துடிப்பை மாற்றக் கற்றன என்று உளவியலாளர் நீல் மில்லர் அறிவித்தார். பின்னர் அவருடைய ஆய்வகத்தாலேயே அதே முடிவைத் திரும்பப் பெற முடியவில்லை. அதனால் பரபரப்பை விட்டு, சோதனைகளைப் பார்ப்போம்.

ரேஜ் கன்ட்ரோல் பற்றி 2021-இல் வெளியான சோதனையில் 40 பிள்ளைகள். எல்லோருக்கும் கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சி தரப்பட்டது. ஒரு பிரிவுக்கு உண்மையான கேம், மற்றதற்குத் துடிப்புக்கு அசையாத போலி. உண்மையான கேம் ஆடியவர்களிடம் மூர்க்கம் கூடுதலாகக் குறைந்தது. சிறிய சோதனைதான், ஆனால் நேர்மையான ஒப்பீடு.

நெதர்லாந்தின் 'மைண்ட்லைட்' என்ற கேம் இன்னொரு பாடம். தலையில் மாட்டிய உணர்கருவி மூளையலைகளை அளக்கும். குழந்தை தளர்ந்து அமைதியானால் கேமில் வரும் இருண்ட வீட்டில் வெளிச்சம் கூடும். 2016-இல் வெளியான ஆய்வில் 136 குழந்தைகளிடம் பதற்றம் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒப்பீட்டுக்காகக் கடையில் கிடைக்கும் சாதாரண கேம் ஒன்றை ஆடியவர்களுக்கும் அதே அளவு குறைந்தது! ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் இது மாபெரும் வெற்றியாக விளம்பரமாகியிருக்கும்.

ஆகவே அந்த வாசகிக்கு: உணர்ச்சியே கேமை நகர்த்துகிறதா, எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்ற இரண்டையும் கேட்காமல் சந்தா கட்டாதீர்கள். வாங்கினாலும் பையனைத் தனியே விடாமல் பக்கத்தில் உட்காருங்கள், ரேஜ் கன்ட்ரோல் சோதனையில் குழந்தைகளோடு சிகிச்சையாளர் இருந்தார். திரையை அணைத்த பிறகு கேரம் ஆடுங்கள். சிவப்புக் காய் கைநழுவும்போது அதே நீண்ட மூச்சை அவன் விடுகிறானா என்று பாருங்கள்.