மேற்சீட்டில் மாடு, உள்ளே குதிரை: ஐரோப்பாவில் 2013-இல் வெளிப்பட்ட மாமிச மோசடி

ஒரு பண்டத்தை விற்பவன் அதன் பெயரை மாற்றிக் கூறுவானாயின், அதனால் நஷ்டமடைபவர் வாங்குகிறவர் ஒருவரே என்று பொதுவாக எண்ணப்படுகிறது. அதே பண்டத்தை ஒழுங்காக உற்பத்தி செய்து சந்தைக்கு அனுப்பும் குடியானவருக்கு நேரும் நஷ்டம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. இவ்விரண்டு நஷ்டங்களும் ஒருங்கே நேர்ந்த விவகாரம் ஒன்று 2013-ஆம் வருஷத்தில் ஐரோப்பா கண்டத்தில் வெளிப்பட்டது. மாமிச போஜனம் கொள்ளாத நேயர்களுக்கும் இவ்விஷயம் அறியத் தக்கதே. ஏனெனில் இங்கே ஆராய வேண்டுவது மாமிசமன்று; ஒரு சரக்குப் பல கைகள் மாறிச் செல்லும்பொழுது அதன் பெயருக்கு நேரும் கதியேயாம்.

மேனாட்டு நகரவாசிகளில் பலர் இக்காலத்தில் அன்றாடம் அடுப்பு மூட்டிச் சமைப்பதில்லை. சமைத்து உறையவைத்த உணவுகள் அட்டைப் பெட்டிகளில் பெருங்கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வாங்கி வந்து சூடுபடுத்தி உண்கின்றனர். கைமாவை வட்டமாகத் தட்டிச் செய்யும் பர்கர் என்பதும், கோதுமை மாவுத் தகடுகளுக்கிடையே கைமாவையும் பாற்கட்டியையும் அடுக்கி வேகவைக்கும் லஸான்யா என்பதும் அவற்றுள் அதிகமாக விற்பனையாவன. கசாப்புக் கடையில் தொங்கும் துடையைப் பார்த்து இன்ன மிருகத்தினது என்று சொல்லக்கூடியவர் பலருண்டு. கைமாவாகி, மசாலை சேர்ந்து, வெந்து, உறைந்த பின் அதனைக் கண்ணாலோ நாவாலோ அறிபவர் எவருமிலர். ஆகவே வாங்குகிறவருக்குள்ள ஆதாரம் பெட்டியின் மேற்சீட்டு ஒன்றே.

அயர்லாந்து தேசத்தின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபையார், பண்டங்கள் அவற்றின் மேற்சீட்டுக்கு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் பொருட்டு, 2012-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் கடைகளிலிருந்து மாதிரிகள் வாங்கிச் சோதித்தனர். ஒவ்வொரு பிராணியின் உடலிலும் அதன் ஜாதிக்கே உரிய மரபணுப் பொருள் உண்டு. டி.என்.ஏ. எனப்படும் அப்பொருள் கைமாவாக அரைத்தாலும் சமைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. அதனைப் பிரித்தெடுத்துப் பெருக்கிப் பார்த்தால் மாடா, பன்றியா, குதிரையா என்று சொல்லிவிடலாம். முதற் சோதனையின் முடிவு நம்பத்தகாததாகத் தோன்றவே, திரும்பத் திரும்பச் சோதித்து உறுதி செய்துகொண்ட பின்னரே, 2013 ஜனவரி 15-ஆம் தேதி அதனை வெளியிட்டனர்.

மாட்டு மாமிசம் என்று பெயரிட்ட 27 வகைப் பர்கர்களில் 10-இல் குதிரையின் மரபணுவும், 23-இல் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருந்தது அற்ப அளவே. ஆனால் இங்கிலாந்தின் மிகப் பெரிய கடையாகிய டெஸ்கோவின் மலிவு ரகப் பர்கர் ஒன்றில், மாட்டு மாமிசத்தோடு ஒப்பிடுமிடத்து 100-க்கு 29 பங்கு குதிரை மாமிசம் இருந்தது. பன்றியின் சுவட்டுக்கு ஒருவாறு சமாதானம் கூறலாம். ஒரே சாலையில் இரண்டும் அரைக்கப்படுமாயின் ஒன்றின் துகள் மற்றொன்றில் ஒட்டுவது இயல்பு. (பன்றியை விலக்கிய முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் அச்சமாதானம் போதியதன்று என்பது வேறு விஷயம்.) குதிரைக்கோ அப்படி ஒன்றும் கூறுவதற்கில்லை. அயர்லாந்தில் குதிரை மாமிசம் உண்ணும் வழக்கமே கிடையாது. ஒரு கோடி அளவிலான பர்கர்கள் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டன. டெஸ்கோ கடையார் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் செய்து ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டனர்.

இஃது அயர்லாந்தோடு நின்றிருந்தால் ஒரு தொழிற்சாலையின் அசிரத்தை என்று மறக்கப்பட்டிருக்கும். பிப்ரவரி 7-ஆம் தேதி இங்கிலாந்தில் வெளியான செய்தி அப்படி மறக்கக்கூடியதாக இல்லை. பின்டஸ் என்னும் பிரசித்தமான கம்பெனியின் பெயரால் விற்கப்பட்ட லஸான்யாவில் 18 மாதிரிகளைச் சோதித்ததில், 11-இல் மாமிசத்தின் 100-க்கு 60 பங்கு முதல் 100 பங்கு வரை குதிரை மாமிசமே இருந்தது. இஃது ஒட்டிய துகளன்று. ஒன்றற்குப் பதிலாக வேறொன்று வைக்கப்பட்டதேயாகும்.

அம்மாமிசம் வந்த வழியைப் பிரெஞ்சு சர்க்கார் அதிகாரிகள் தேடிச் சென்றனர். அவர்கள் கண்டுபிடித்த வழி நிதானித்துப் படிக்கத் தக்கது. பின்டஸ் கம்பெனியார் லஸான்யாவைத் தாங்கள் செய்வதில்லை; பிரான்ஸ் தேசத்தில் மெட்ஸ் நகரத்திலுள்ள கோமிஜெல் கம்பெனியிடம் செய்வித்தனர். கோமிஜெல் அவ்வேலையை லக்ஸம்பர்க் தேசத்திலுள்ள தன் கிளைத் தொழிற்சாலைக்கு விட்டது. அத்தொழிற்சாலைக்கு வேண்டிய மாமிசம் பிரான்ஸின் தென்மேற்கில் காஸ்டல்நாடரி என்னும் ஊரிலுள்ள ஸ்பாங்கெரோ கம்பெனியிடம் கேட்கப்பட்டது. ஸ்பாங்கெரோ அதனைச் சைப்ரஸ் தீவில் பதிவு செய்யப்பட்ட ஒரு வியாபாரக் கம்பெனியின் மூலமாக வாங்கியது. அவ்வியாபாரம் நெதர்லாந்திலிருந்து நடத்தப்பட்டது. சரக்கும் அங்கே பிரேடா நகரத்துக் குளிர்சாதனக் கிடங்கில் தங்கியது. மிருகங்கள் அடிக்கப்பட்டதோ ருமேனியா தேசத்தில். ஒரு பெட்டி உணவு விற்பனைக்கு வருமுன் அதன் மாமிசம் ஐரோப்பாவின் கிழக்குக் கோடியிலிருந்து புறப்பட்டு, இத்தனை தேசங்களின் கணக்குப் புத்தகங்களைக் கடந்து வந்தது. இவ்வழியிலுள்ள ஒவ்வொருவரும் தமக்கு முன்னுள்ள ஒருவரையும் பின்னுள்ள ஒருவரையும் மாத்திரமே அறிந்திருந்தனர். சட்டமும் அவ்வளவே கேட்டது. ஐரோப்பிய ஐக்கியத்தின் 2002-ஆம் வருஷத்து உணவுச் சட்டப்படி, யாரிடமிருந்து வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் கணக்கு வைத்தால் போதும்.

முதலில் எல்லாரும் ருமேனியாவின் மேல் பழி சுமத்தினர். ஏழைத் தேசத்தின் மேல் பழி போடுவது எளிது போலும். ஆனால் ருமேனியாவின் கசாப்புச் சாலைகளிலிருந்து அம்மாமிசம் குதிரை மாமிசம் என்ற உண்மையான பெயருடனேயே புறப்பட்டது என்பது விசாரணையில் தெளிவாயிற்று. பட்டியலில் குறித்திருந்த சுங்க எண்ணும் குதிரை மாமிசத்துக்குரியதே. காஸ்டல்நாடரி ஊரில்தான் அது மாடாக மாறிற்று. குதிரை மாமிசம் உள்ளே வந்தது. மாட்டு மாமிசம் என்ற சீட்டுடன் வெளியே சென்றது. வாங்கிய கோமிஜெல் கம்பெனியாரும், உறைந்த கட்டியை உருக்கிய பின் அதன் நிறத்தையும் வாசனையையும் கொண்டு சந்தேகித்திருக்கக்கூடும் என்று பிரெஞ்சு மந்திரி பெனுவா ஹாமோன் கூறினார். இவ்வாறு சென்ற மாமிசம் 45 லக்ஷம் உணவுப் பெட்டிகளில் சேர்ந்து 13 தேசங்களில் விற்கப்பட்டது என்பது அவர் வெளியிட்ட கணக்கு. சைப்ரஸ் கம்பெனியின் பெயர் டிராப் என்பது. அப்பெயரின் ரோம எழுத்துக்களைத் திருப்பி வாசித்தால் பார்ட் என்று வரும். டச்சுப் பாஷையில் அதற்குக் குதிரை என்று பொருள். அதனை நடத்தியவர் இதே விதமான குற்றத்துக்காக 2012-இலேயே நெதர்லாந்தில் தண்டனை பெற்றவர் என்பதும் பின்னர் வெளியாயிற்று. பெயரையும் ஆளையும் விசாரித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மலிவு விலை அவ்விசாரணையைத் தடுத்துவிட்டது.

நிலச்சுவான்தார்கள் கவனிக்க வேண்டிய இன்னுமொரு விஷயமுண்டு. ஸ்பாங்கெரோ கம்பெனி தொடக்கத்தில் இரு சகோதரர்கள் நிறுவிய குடும்பத் தொழில். 2009-இல் அதனை வாங்கியது லுர் பெர்ரி என்னும் குடியானவர் கூட்டுறவுச் சங்கம். மாடும் பயிரும் வளர்ப்போர் தம் விளைபொருளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமென்று சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கத்தின் சொத்தாக இருந்த தொழிற்சாலையிலேயே மாட்டின் பெயரால் குதிரை விற்கப்பட்டது. அங்கத்தினர்களுக்கு இது தெரியாது. பங்கு தங்களுடையது, மேற்பார்வை பிறருடையது என்றிருக்கும் சங்கங்களில் நேரக்கூடியதே இது. சர்க்கார் அனுமதியை நிறுத்தியவுடன், ஒரு குற்றமும் அறியாத தொழிலாளர் சுமார் 300 பேர் வாசலில் நின்றனர். அவ்வருஷத்திலேயே கம்பெனி நொடித்துப் போயிற்று.

ஜனங்களுடைய தேக சுகத்துக்கு இதனால் பெருந்தீங்கு நேர்ந்ததில்லை. குதிரைகளின் மூட்டு வலிக்குக் கொடுக்கும் பினைல்பியூட்டஸோன் என்னும் மருந்தைப் பற்றியே பயம் எழுந்தது. அம்மருந்து கொடுக்கப்பட்ட குதிரையை உணவுக்கு அடிக்கக் கூடாது என்பது சட்டம். ஐரோப்பிய ஐக்கியத்தின் 27 தேசங்களிலும் நடந்த சோதனையில், அம்மருந்துக்காகப் பார்த்த 3,115 மாதிரிகளில் 16-இல் மாத்திரமே அதன் சுவடு இருந்தது. முழுவதும் குதிரை மாமிசத்தால் செய்த பர்கர்களை ஒருவர் நாளொன்றுக்கு 500-க்கு மேல் தின்றாலன்றி மனிதருக்கு மருந்தாகக் கொடுக்கும் அளவை எட்ட முடியாது என்று இங்கிலாந்தின் தலைமை வைத்திய அதிகாரி அறிவித்தார். மாட்டு மாமிசம் என்று விற்ற உணவுகளைச் சோதித்ததிலோ 4,144-இல் 193 மாதிரிகளில் குதிரை காணப்பட்டது. அதாவது ஏறக்குறைய 100-க்கு ஐந்து.

உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னதால் ஜனங்களின் கோபம் தணியவில்லை. பிப்ரவரி 17-ஆம் தேதியோடு முடிந்த நான்கு வாரங்களில் இங்கிலாந்தில் உறைந்த பர்கர்களின் விற்பனை 100-க்கு 43 பங்கும், உறைந்த ஆயத்த உணவுகளின் விற்பனை 100-க்கு 13 பங்கும் குறைந்தன. கலப்படம் செய்த சரக்கை மட்டும் ஜனங்கள் விலக்கவில்லை. சுத்தமான சரக்கையும் சேர்த்தே விலக்கினர். அது சுத்தமானதென்று அறிய அவர்களுக்கு வழியில்லாமற்போனதே காரணம். மாட்டை முறையாக வளர்த்து விற்ற அயர்லாந்துக் குடியானவர் என்ன பிழை செய்தார்? அவருடைய தேசத்தின் பெயர் அன்றைய பத்திரிகைகளில் குதிரையோடு சேர்ந்தே வெளியாயிற்று. அதே சமயத்தில், தெரிந்த மந்தையிலிருந்து வாங்கித் தம் கண்முன்னே அரைத்துக் கொடுக்கும் ஊர்க் கசாப்புக் கடைகளில் வியாபாரம் பெருகியது.

இவ்விடத்தில் கிராம உத்தியோகஸ்தர்கள் விசேஷமாகக் கவனிக்கத் தக்க முரண்பாடு ஒன்றுண்டு. பைத்தியமாடு நோய் என்று சொல்லப்பட்ட கொடிய வியாதி பரவிய பின், ஐரோப்பாவில் ஒவ்வொரு கன்றுக்கும் காதில் எண் வில்லை பொருத்தி, தனிச் சீட்டு எழுதி, அது பிறந்த பண்ணை முதல் அடிபடும் சாலை வரையில் பதிவு செய்கின்றனர். பண்ணைக்காரர் ஒரு வரி எழுதத் தவறினாலும் கேள்வி உண்டு. கடையில் விற்கும் பச்சை மாட்டு மாமிசத்துக்கு அது பிறந்து வளர்ந்த தேசத்தின் பெயரை எழுத வேண்டுமென்று 2000-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்தனர். ஆனால் அதே மாமிசம் கைமாவாகி லஸான்யாவுக்குள் நுழைந்துவிட்டால் அவ்விதி அதனைத் தொடரவில்லை. பண்ணைக்காரரிடம் பிறப்பு முதல் இறப்பு வரை கணக்குக் கேட்ட சட்டம், தரகரிடம் ஒரு படி முன்னும் ஒரு படி பின்னும் மட்டுமே கேட்டது. குதிரைகளுக்கோ சீட்டு உண்டென்று பெயரேயன்றி, இங்கிலாந்தில் மாத்திரம் எழுபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் அச்சீட்டுகளை வழங்கி வந்தன. ஒரே குதிரைக்கு இரண்டாவது சீட்டு வாங்குவது பெரிய காரியமன்று.

இதன் பிறகு சில சீர்திருத்தங்கள் வந்தன. பெல்பாஸ்ட் சர்வகலாசாலையின் ஆசிரியராகிய கிறிஸ் எல்லியட் என்பவரைக் கொண்டு இங்கிலாந்து சர்க்கார் விசாரணை நடத்துவித்தனர். 2014 செப்டம்பரில் வெளியான அவருடைய அறிக்கை, உணவுக் கலப்படத்தைக் கடைக்காரர் செய்யும் சில்லறைப் பிழையாகக் கருதாமல் ஒழுங்குபடுத்திச் செய்யப்படும் குற்றமாகவே கருதித் தனிப் பகுதி ஒன்று அமைக்க வேண்டுமென்றது, அவ்விதமே அமைக்கப்பட்டது. சந்தை விலைக்கு மிகவும் குறைவாக ஒருவன் சரக்குக் கொடுக்க முன்வந்தால், அக்குறைவு எப்படி நேர்ந்தது என்று வாங்கும் கம்பெனி கேட்டாக வேண்டும் என்பதும் அவ்வறிக்கையின் கருத்து. இது யாவரும் அறிந்ததேயாயினும், பெருங்கடைகள் அதனைச் செய்யாதிருந்தன. வருஷா வருஷம் விலையைக் குறைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர்கள், கொடுப்பவன் எதனைக் குறைத்தான் என்று ஆராயாமலிருந்ததில் வியப்பில்லை.

குற்றவாளிகளுக்குத் தண்டனை தாமதித்தே கிடைத்தது. நெதர்லாந்தில் குதிரையை மாட்டோடு கலந்து பொய்ப் பட்டியல் எழுதிய வேறொரு வியாபாரிக்கு 2015 ஏப்ரலில் இரண்டரை வருஷச் சிறை விதிக்கப்பட்டது. லஸான்யா விவகாரத்தில் பாரிஸ் நியாயஸ்தலம் 2019 ஏப்ரலில்தான் தீர்ப்புக் கூறியது. சைப்ரஸ் கம்பெனியை நடத்தியவருக்கு இரண்டு வருஷச் சிறை. ஸ்பாங்கெரோவின் முன்னாள் நிர்வாகிக்கும் இரண்டு வருஷம், அதில் பதினெட்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. பிரெஞ்சு சர்க்கார், ஆயத்த உணவிலுள்ள மாமிசம் 100-க்கு எட்டுப் பங்கு இருந்தாலும் அது எத்தேசத்தினது என்று மேற்சீட்டில் எழுத வேண்டுமென்னும் விதியை 2017 ஜனவரி முதல் சோதனை முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். அவ்விதி வேண்டுமென்று முதலில் கேட்டவர்கள் பட்டணத்து ஜனங்களல்லர். மாடு வளர்க்கும் பண்ணைக்காரர்களின் சங்கங்களே பல வருஷங்களாக அதனைக் கேட்டு வந்தன. செலவு ஏறும் என்று எதிர்த்தவர்கள் உணவுத் தொழிற்சாலைக்காரர்கள்.