கணவர் வெளிநாட்டில் இருந்தால் பிள்ளைக்கு அரசு உதவி கிடைக்குமா?

கணவர் சவூதியில் டிரைவர். சென்னை மேனாம்பேட்டில் பிள்ளைகளோடு இருக்கும் மனைவி வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வீட்டுக்காரர் என்னம்மா பண்றார்?" என்று கேட்டதும் தயங்குகிறார். வெளிநாடு என்று சொன்னால் எல்லாம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்.

அந்தப் பயத்தில் பாதி தேவையே இல்லாதது. அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்பது பெரும்பாலான திட்டங்களில் தடையே இல்லை. அந்தத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வரம்பு இல்லாதவை

அங்கன்வாடி சத்துமாவு, தடுப்பூசி, அரசுப் பள்ளிக் காலை உணவு எல்லாம் பிள்ளையைப் பார்த்துத் தருபவை. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் மகளுக்குப் புதுமைப் பெண், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 10 வயதுக்குட்பட்ட மகள் இங்கே உங்களோடு வசித்தால், அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தாயே 250 ரூபாயில் தொடங்கலாம்.

வரம்பு உள்ளவை

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தனியார் பள்ளியில் 25 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு, நலிவுற்ற பிரிவில் விண்ணப்பித்தால் வரம்பு 2 லட்சம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாயும் ஏழைத் தாய்மாருக்கானதுதான். தகுதி இருந்தால், கணவர் வரட்டும் என்று கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமான 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்.

பலரும் தடுமாறும் இடம்

"அவர் இங்கே வரி கட்டுவதில்லை, அதனால் வருமானம் இல்லை" என்று நினைப்பது தவறு. வரி வேறு, வருமானம் வேறு. குடும்ப வருமானம் என்றால் அவர் சம்பளமும் சேர்ந்ததுதான். மாதம் 10,000 ரூபாய் என்றாலே ஆண்டுக்கு 1,20,000 வந்துவிடுகிறது. மறைத்து வாங்கிய சான்று பின்னால் ரத்தானால், உதவியும் சேர்ந்தே போகும்.

கணவர் பணமே அனுப்பாத வீடுகளும் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது வங்கிப் புத்தகத்தைக் காட்டி நிலைமையைச் சொல்லுங்கள்.

 

எனவே மையத்துக்குக் கிளம்பும் முன் குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், கணவரின் சம்பளச் சீட்டு நகல் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்: "சவூதியில டிரைவர்ங்க. சம்பளச் சீட்டு இதோ இருக்கு."