சோம்பும் மஞ்சளும் முடியைத் தடுக்குமா?

பெண்களின் முகத்தில் இயல்பாக இருப்பது மெல்லிய பூனை முடி. சிலருக்கு அது மேலுதட்டிலும் தாடையிலும் கறுத்து, தடித்து வளரத் தொடங்குகிறது. மஞ்சள் பூசிக் குளித்தால் முடி முளைக்காது என்பது நம் வீடுகளில் பழகிய பேச்சு. நலங்கு மாவில் கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்கும் சேருவதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். அதில் உண்மை ஓரளவு உண்டு என்கின்றன ஆய்வுகள்.

ஆண்களுக்குரியவை எனப்படும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் பெண் உடலிலும் சிறிதளவு சுரக்கின்றன. அவற்றில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோன் தோலுக்கு வந்ததும், 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. முடியின் வேர்ப்பையில் அது வேலை செய்யும்போது பூனை முடி முரட்டு முடியாகிறது. சிலருக்கு ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். சிலருக்கு அளவு சரியாக இருந்தும் வேர்ப்பை மிகையாக எதிர்வினை காட்டும். இந்த ஹார்மோன் வேலையை மட்டுப்படுத்தும் தாவரங்களைத்தான் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

சமையலறைச் சோம்பு அவற்றில் ஒன்று. ஈரானில் 38 பெண்களிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், சோம்புச் சாறு கலந்த கிரீமையும் சாறு இல்லாத வெறும் கிரீமையும் பூசிப் பார்த்தார்கள். யாருக்கு எது என்பது பூசியவருக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. பிறகு முடியின் தடிமனை அளந்தார்கள். 2 சதவீதக் கிரீம் பூசியவர்களுக்குத் தடிமன் சராசரியாக 18.3 சதவீதம் குறைந்திருந்தது. 1 சதவீதக் கிரீமில் 7.8 சதவீதம். வெறும் கிரீமில் குறையவே இல்லை. முடி உதிரவில்லை, மெலிந்தது, அவ்வளவுதான்.

மஞ்சள் குடும்பத்திலும் கோரைக்கிழங்கிலும் சான்று கிடைத்திருக்கிறது. வெட்டினால் உள்ளே நீலம் பாய்ந்திருக்கும் ஒரு காட்டு மஞ்சளின் எண்ணெயைத் தாய்லாந்தில் லோஷனாக்கி அக்குளில் பூசச் செய்தார்கள். முடி வளரும் வேகம் குறைந்தது. எகிப்தில் கோரைக்கிழங்கு எண்ணெயை லேசர் சிகிச்சையோடு ஒப்பிட்டு நம்பிக்கை தரும் முடிவைக் கண்டார்கள். இவையெல்லாம் சிறிய ஆய்வுகள். இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்த ஆய்வுகளில் பயன்பட்டவை பிரித்தெடுத்த சாறும் வடித்தெடுத்த எண்ணெயும். குளியல் பொடி சில நிமிடங்களில் தண்ணீரோடு போய்விடுகிறது. அதனிடம் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. கஸ்தூரி மஞ்சள் என்று வாங்குவதிலும் கவனம் வேண்டும். அசல் கஸ்தூரி மஞ்சள் வெளிர் நிறம், கற்பூர வாசம். தோலில் மஞ்சள் கறை பிடிக்காது. கடைகளில் அந்தப் பெயரில் வேறு கிழங்குகளும் விற்பனையாகின்றன. எதையும் முகத்தில் பூசும் முன் முழங்கையின் உட்புறத்தில் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய சாறுகளைத் தொட வேண்டாம்.

பொறுமையும் தேவை. முடி வளர்வது, ஓய்வது, உதிர்வது என்ற சுற்றில் இயங்குவதால் மாற்றம் தெரிய மாதங்கள் ஆகும். முக முடியைக் குறைக்க 2000இல் அமெரிக்கா அனுமதித்த எஃப்ளோர்னிதின் கிரீமைக்கூட நிறுத்திவிட்டால் சுமார் இரண்டு மாதத்தில் முடி பழையபடி வளர்ந்துவிடும். மாற்றம் தெரியும்வரை ரேசரால் வழித்துக்கொள்வதில் தவறில்லை. வழித்தால் முடி தடிக்கும் என்பது உண்மையல்ல என்று 1928லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்.

முரட்டு முடியோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் பருக்களும் சேர்ந்தால் அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகி, குரலும் தடித்தால் தாமதிக்கவே கூடாது. வெட்கப்பட்டு மஞ்சளுக்கு அடியில் மறைக்கும் பெண்கள்தான் சிகிச்சையைத் தவறவிடுகிறார்கள். சோம்புக் கிரீம் முடியை மெலியவைக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும்தான் வேண்டும்.