கையடக்க கேம் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லையா?

கம்ப்யூட்டர் வாங்கும்போது, "இவ்வளவு பெரிய டிஸ்க்கை எப்போது நிரப்பப் போகிறோம்?" என்று நினைக்கிறோம். ஆறு மாதத்தில் "டிஸ்க்கில் இடம் இல்லை" என்ற செய்தி திரையில் வந்து நிற்கிறது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் பக்கத்து மூடியைத் திறந்து இன்னொரு டிஸ்க்கைப் பொருத்திவிடலாம். கையில் வைத்து விளையாடும் கேம் கம்ப்யூட்டரில் என்ன செய்வது?

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வெளிவந்த பிறகு இவ்வகைக் கம்ப்யூட்டர்கள் பரவலாயின. அது அப்போது இந்தியாவில் நேரடி விற்பனைக்கு வரவில்லை. 2023 ஜூலையில் ஆசஸ் நிறுவனம் ஆர்ஓஜி அல்லை என்ற சாதனத்தை 69,990 ரூபாய் விலையில் இந்தியாவில் வெளியிட்டது. 7 அங்குலத் திரையும் 608 கிராம் எடையும் கொண்ட இதில் முழு விண்டோஸ் 11 இயங்குகிறது. டாக் ஒன்றின் மூலம் டிவி, கீபோர்டு, மவுஸ் இணைத்தால் சாதாரண கம்ப்யூட்டராகவே பயன்படுத்தலாம்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தி மகன் இப்படித்தான் பயன்படுத்துகிறான். பொறியியல் படிக்கும் அவன், பெங்களூருவில் ஒருவரிடமிருந்து அல்லை ஒன்றைப் பழையதாக வாங்கினான். அவர்கள் வீட்டில் இப்போது அது ஒன்றுதான் கம்ப்யூட்டர். கேம், கல்லூரி புராஜெக்ட், குடும்பப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். அதில் இடத்தைப் பெருக்கப் போய் நாங்கள் பட்ட பாட்டை இங்கு எழுதுகிறேன். அதே தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

512 எங்கே போனது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெட்டியில் 512 ஜிபி என்று இருக்கும். விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 x 1024 x 1024 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. இதே கணக்கில் 1 டிபி டிஸ்க் 931 ஜிபி ஆகத் தெரியும். இதில் விண்டோஸும் அதன் மீட்புப் பகுதியும் எடுத்துக்கொண்டது போக மீதிதான் நமக்கு.

கேம்களின் பசியைப் பாருங்கள். சைபர்பங்க் 2077 கேட்கும் இடம் 70 ஜிபி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பால்டர்ஸ் கேட் 3 ஆகியவை தலா 150 ஜிபி கேட்கின்றன. இந்த மூன்றையும் போட்டாலே 370 ஜிபி காலி.

"விளையாடி முடித்ததும் அழித்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி டவுண்லோட் செய்யலாமே?" என்று கேட்கலாம். பெங்களூரு, சென்னையில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 150 ஜிபி இறங்க சுமார் எட்டரை மணி நேரம் ஆகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் இணைப்பை நம்பியிருந்தால் அதே கேமுக்கு 75 நாள்! எனவே சிற்றூர்களில் இருப்பவர்களுக்குக் கூடுதல் இடம் ஆடம்பரம் அல்ல.

செலவில்லாத வழி முதலில்

காசு செலவழிக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று செல்லுங்கள். எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பட்டியல் கிடைக்கும். டெம்பரரி பைல்ஸ் பிரிவில் தேவையற்றவற்றைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். அங்கே டவுண்லோட்ஸ் போல்டரும் பட்டியலில் இருக்கும். அதில் டிக் அடிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

2. ஸ்டீம் வழியாகப் போட்ட கேம் என்றால், அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு பைல்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கிருந்தே கேமை பேக்கப் எடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கலாம். பிறகு டவுண்லோட் இல்லாமல் திரும்பப் போடலாம்.

3. வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரில் அதே கேம் இருந்தால், ஒரே வைஃபை இணைப்பில் இருக்கும்போது ஸ்டீம் அதிலிருந்தே கேமை எடுத்துக்கொள்ளும். 2023இல் வந்த வசதி இது. இன்டர்நெட் டேட்டா பெருமளவு மிச்சம்.

கேமை நீக்கும் முன், விளையாடிய நிலை கிளவுடில் சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள். எல்லாக் கேம்களுக்கும் இந்த வசதி இல்லை.

மெமரி கார்டு: எழுத்துகளைப் படியுங்கள்

எளிய வழி மைக்ரோ எஸ்டி கார்டு. சாதனத்தைத் திறக்க வேண்டாம், செருகினால் போதும். ஆனால் கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் சின்ன எழுத்துகளைக் கவனியுங்கள். யு3 அல்லது வி30 என்று இருந்தால் தொடர்ந்து எழுதும்போது குறைந்தது விநாடிக்கு 30 எம்பி வேகம் உறுதி. ஏ1, ஏ2 என்பவை சின்னச் சின்ன பைல்களைக் கையாளும் திறனைக் குறிப்பவை; கேமுக்கு ஏ2 நல்லது.

யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்ச வேகம் விநாடிக்கு 104 எம்பி, யுஎச்எஸ்-2 வகையில் 312 எம்பி. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி இதைப் போலப் பல மடங்கு வேகம் கொண்டது. எனவே பெரிய, புதிய கேம்களை எஸ்எஸ்டியிலும், பழைய, சிறிய கேம்களைக் கார்டிலும் வையுங்கள்.

வெயில் காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. 2023 அல்லை மாடலில் அதிக வெப்பத்தால் கார்டு ரீடர் பழுதாகலாம் என்று 2023 ஜூலையில் ஆசஸ் நிறுவனமே தெரிவித்தது. விசிறி வேகத்தைக் கூட்டும் அப்டேட்டையும் வெளியிட்டது. இந்த மாடலைப் பழையதாக வாங்குபவர்கள், கார்டு ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நாங்கள் ஏமாந்த கதை

தம்பி போன் செய்து, "அண்ணா, கேம் போடவே இடம் இல்ல, என்ன பண்றது?" என்று கேட்டான். நான் ஆபீஸ் அவசரத்தில், "ஒரு கார்டு வாங்கிப் போட்டு, போட்டோ எல்லாத்தையும் அதுக்கு மாத்திடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது என்று சொல்லவில்லை.

அவன் 1 டிபி கார்டு ஒன்றை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினான். விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டியது. சுமார் 90 ஜிபி போட்டோக்களையும் வீடியோக்களையும் கட் செய்து அதில் பேஸ்ட் செய்தான். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. காலியான இடத்தில் கேம்களைப் போட்டான்.

இரண்டு மாதம் கழித்து, பேரனின் காதணி விழாப் படங்களைச் சித்தி கேட்டார். பைல் பெயர்கள் எல்லாம் இருந்தன. திறந்தால் சாம்பல் நிறக் கட்டம். அது உண்மையில் 32 ஜிபி கார்டு. தன்னை 1 டிபி என்று சொல்லும்படி அதன் உள் புரோகிராமை மாற்றியிருக்கிறார்கள். 32 ஜிபிக்கு மேல் அனுப்பிய எதுவும் உண்மையில் பதியவே இல்லை. அவன் கட் செய்த இடத்திலும் கேம்கள் உட்கார்ந்துவிட்டதால் மீட்பு மென்பொருளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் தாத்தா கடைசியாகக் குடும்பத்தோடு நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அந்த விழாவில் எடுத்தவைதான். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் இருந்து சில கிடைத்தன. அவையும் அளவில் சுருங்கியவை. "இன்ஜினியர் சொன்னானேன்னு தானேடா செஞ்சான்" என்றார் சித்தி. பதில் சொல்ல முடியவில்லை.

இதைத் தவிர்ப்பது மிக எளிது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. புதிய கார்டை, காலியாக இருக்கும்போதே, இதைக் கொண்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். சார்ஜரை இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். விநாடிக்கு 30 எம்பி வேகத்தில் 1 டிபி கார்டை எழுத மட்டும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். பிழை இல்லை என்று வந்த பிறகே கார்டை நம்புங்கள்.

இன்னொன்று: முக்கியமான பைல்களை ஒருபோதும் கட் செய்யாதீர்கள். காப்பி செய்து, புதிய இடத்தில் திறந்து பார்த்து, பிறகு பழையதை நீக்குங்கள்.

எஸ்எஸ்டி மாற்றுவது

நிலையான தீர்வு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியையே பெரியதாக மாற்றுவது. கடையில் கேட்க வேண்டியது "எம்.2 என்விஎம்இ, 2230 அளவு". 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம் என்பதே இந்த எண்ணின் பொருள். லேப்டாப், டெஸ்க்டாப்பில் பரவலாக இருக்கும் 2280 வகை 80 மில்லிமீட்டர் நீளம். 2023 அல்லையிலும் ஸ்டீம் டெக்கிலும் பொருந்தாது. 2024இல் வந்த அல்லை எக்ஸ் மாடலில் 2280 போடலாம். வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு எது என்று உறுதி செய்யுங்கள். வாரண்டி நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

திறக்கும் முன் மூன்று வேலைகள்:

1. உங்கள் பைல்கள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

2. டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் பாருங்கள். இயங்கினால், டிஸ்க் மாற்றிய பின் 48 இலக்க ரெகவரி கீ கேட்கப்படலாம். அது மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். பழையதாக வாங்கியிருந்தால் அந்தக் கீ முந்தைய உரிமையாளரின் அக்கவுண்டில் இருக்கலாம்! வாங்கிய அன்றே ரீசெட் செய்து உங்கள் அக்கவுண்டில் தொடங்குவது நல்லது.

3. விண்டோஸைப் புதிய டிஸ்க்குக்கு எப்படிக் கொண்டு போவது என்று முடிவு செய்யுங்கள். இதற்கு இரண்டு வழிகள். முதல் வழி குளோனிங். புதிய எஸ்எஸ்டியை யுஎஸ்பி உறையில் போட்டு இணைத்து, குளோனிங் மென்பொருள் மூலம் பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கலாம். 2023 அல்லையில் ஒரே ஒரு யுஎஸ்பி-சி வாய் என்பதால், சார்ஜரும் இணைக்கக்கூடிய ஹப் தேவை. பாதியில் பேட்டரி தீர்ந்தால் வேலை கெடும். இரண்டாவது வழி ஆசஸ் தரும் கிளவுட் ரெகவரி. புதிய டிஸ்க்கைப் போட்ட பின், வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினால் பயாஸ் வரும்; அங்கிருந்து வைஃபை மூலம் விண்டோஸை இறக்கிக்கொள்ளலாம். பல ஜிபி இறங்கும் என்பதால் போன் ஹாட்ஸ்பாட் போதாது. பிராட்பேண்ட் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

இனி 2023 அல்லையில் மாற்றும் முறை. சாதனத்தை முழுவதும் ஷட்டவுன் செய்யுங்கள். பின்பக்கம் ஆறு ஸ்க்ரூக்கள். கீழே நடுவில் உள்ளது கழன்று வெளியே வராது. தளர்ந்தால் போதும், இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் தகட்டால் மூடியை ஓரங்களில் மெல்ல நெம்புங்கள்; கத்தி வேண்டாம். உடனே பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். எஸ்எஸ்டியை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் எஸ்எஸ்டி சாய்வாக எழும். உருவி எடுத்து, புதியதைச் சாய்வாகச் செருகி அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்குங்கள். பேட்டரியை இணைத்து மூடுங்கள்.

குளோன் செய்தவர்களுக்கு சி டிரைவ் பழைய அளவிலேயே தெரியலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலம் மீதி இடத்தைச் சேர்க்க வேண்டும். இடையில் மீட்புப் பகுதி இருந்தால் விண்டோஸ் அனுமதிக்காது. எனவே குளோன் செய்யும்போதே சி பகுதியின் அளவைக் கூட்டிவிடுங்கள்.

கழற்றிய பழைய எஸ்எஸ்டியைத் தூக்கி எறியாதீர்கள்; உடனே பார்மட்டும் செய்யாதீர்கள். ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். பிறகு யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப் டிஸ்க்காகப் பயன்படுத்தலாம்.

தம்பி அப்படித்தான் வைத்திருக்கிறான். கிடைத்த போட்டோக்கள் இப்போது புதிய எஸ்எஸ்டியில் ஒன்று, பழையதில் ஒன்று, சித்தி வீட்டு பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கின்றன. கேம்களுக்கு ஒரே ஒரு பிரதிதான். அழிந்தால் 75 நாள் காத்திருந்தாவது மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.