கவசம் தோற்றது, தூரம் தோற்கவில்லை

1940-இல் டன்கிர்க்கிலிருந்து கரை திரும்பிய பிரிட்டிஷ் படை, டாங்கிகளை எதிர்க்கும் பீரங்கிகளில் பெரும்பகுதியைப் பிரான்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. ஜெர்மன் டாங்கிகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தால் எதைக்கொண்டு நிறுத்துவது? அந்தத் தவிப்பில் தயாரானதுதான் ‘ஒட்டும் குண்டு’. கண்ணாடி உருண்டைக்குள் நைட்ரோகிளிசரின் வெடிமருந்து, மேலே பசை தோய்ந்த துணி, 5 விநாடித் திரி. புழுதியோ சேறோ படிந்த கவசத்தில் அது ஒட்டாது. எறிபவனின் உடுப்பில் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ராணுவ நிபுணர்கள் தயங்கினார்கள். பிரதமர் சர்ச்சில் தயாரிக்கச் சொன்னார். டாங்கி எதிர்ப்புக் கையெறிகுண்டின் வரலாறு முழுவதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும் என்பேன். தகுந்த ஆயுதத்தை அரசால் கொடுக்க முடியாதபோது, அந்தக் குறையைச் சிப்பாயின் உடலைக்கொண்டு ஈடுகட்டிய கருவி அது.

சிப்பாய் தன் உடலைப் பணயம் வைக்க நேர்ந்ததற்கு, குண்டின் வலிமை போதவில்லை என்று காரணம் சொல்வது பாதி உண்மைதான். சோவியத் படையின் 1940-ஆம் ஆண்டு ஆர்பிஜி-40 கையெறிகுண்டு சுமார் 20 மில்லிமீட்டர் கவசத்தையே உடைத்தது. மூன்றே ஆண்டுகளில் வந்த ஆர்பிஜி-43 ஏறத்தாழ 75 மில்லிமீட்டரைத் துளைத்தது. அதன் உத்தி இது: வெடிமருந்தின் முகப்பைக் கூம்பாகக் குடைந்து உலோகத் தகடு பொருத்தினால், வெடிப்பின் விசை ஒரே முனையில் குவிந்து இரும்பை ஊடுருவும். ஆனால் 1.2 கிலோ எடையுள்ள குண்டைத் தேர்ந்த வீரனும் 15, 20 மீட்டருக்கு மேல் எறிவது கடினம். டாங்கியோ இயந்திரத் துப்பாக்கியோடும், சுற்றிலும் தன் காலாட்படையோடும் வருகிறது. ஜெர்மனியின் காந்தக் குண்டு 140 மில்லிமீட்டர் வரை துளைக்கும்; ஆனால் டாங்கியை நெருங்கிக் கையாலேயே பொருத்த வேண்டும்!

இவற்றால் டாங்கிகள் அழியவில்லையா என்று கேட்கலாம். அழிந்தன. இடிந்த நகரங்களிலும் பதுங்குகுழிகளிலும், டாங்கிக்குள் இருப்பவர்களின் கண்ணுக்கு எட்டாத மூலைகளில், இவை வேலை செய்தன. ஆனால் 1942-இல் ஜெர்மனி, தனியாளாக ஒரு டாங்கியை அழித்த வீரனுக்கென்றே சிறப்புப் பதக்கம் ஏற்படுத்தியது. ஒரே ஒரு டாங்கிக்கு ஒரு பதக்கம் என்றால், அந்தச் செயல் எவ்வளவு அரிது என்பது கட்டளையிட்டவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. கையில் ஏதாவது இருந்தால்தான் வீரன் நிலைத்து நிற்பான் என்ற வாதத்தையும் நான் மறுக்கவில்லை. அந்தத் துணிவு மெய்யானது. அதைக் காட்டி ஆயுதத்தின் குறையை மறைப்பது அந்த வீரனுக்குச் செய்யும் அநீதி.

இதே கூம்பு வெடிமருந்தைக் குழாயிலிருந்து ஏவிய அமெரிக்க பசூக்கா 1942-இலும், ஜெர்மன் பான்சர்ஃபாஸ்ட் 1943-இலும் வந்தன. பான்சர்ஃபாஸ்ட்டின் தொடக்க வீச்சு வெறும் 30 மீட்டர். அதுவே போதுமானதாக இருந்தது. 1944-இல் ஜெர்மனி காந்தக் குண்டின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. போருக்குப் பின் வந்த சோவியத் ஆர்கேஜி-3 கையெறிகுண்டு, ஈராக்கில் அமெரிக்க வாகனங்கள் மீது எறியப்பட்டது உண்மைதான். அது தெருவோரத்தில் மறைந்திருந்து தாக்கும் போர். உக்ரைனிலோ அதே குண்டைக் கையால் எறியாமல், வால் சிறகு பொருத்தி, ட்ரோனிலிருந்து கவச வாகனங்கள் மீது போடுகிறார்கள்.